அரை ஆம்பியர் கடன்

வேலந்தாவளத்திலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டரில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே கம்ப்யூட்டர் தங்காது என்றார்கள். கொண்டுபோய் வைத்த ஒரு மணி நேரத்தில் திரை கறுத்துவிடுமாம். இதுவரை ஐந்து போய்விட்டனவாம். ஒரு ஜோசியர் தன் லேப்டாப்போடு பிரசன்னம் பார்க்கப் போய், அதையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினாராம். வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் ஒரு இரும்புக் கம்பிக்குக் குடம் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறாராம். இந்த லட்சணத்தைப் பார்த்துத்தான் மனைவியும் மகளும் அந்த வீட்டை விட்டே போய்விட்டார்களாம்.

இத்தனையையும் எனக்குச் சொன்னவர் ஷிஜு. எல்லைச் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். என் போனைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சொன்னதால் பாதியில் எழுந்து போகவும் முடியவில்லை.

“அஞ்சா?” என்று கேட்டேன்.

“அஞ்சு உண்டு சாரே.”

“ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.”

ஷிஜு ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு விரல் விட்டார். “ஒண்ணு, அந்த ஆளோட மகள் லேப்டாப். ஆபீஸ் லேப்டாப். இங்கதான் முதல்ல கொண்டு வந்தாங்க. போர்டு கரிஞ்சிருக்கு, நான் கையை விரிச்சுட்டேன். ரெண்டு, கோயமுத்தூர் கொண்டுபோனது.”

“அது யாரோடது?”

“அதே லேப்டாப்தான். அங்கயும் ஆகல.”

“சரி, மூணு?”

“கம்பெனிக்கு அனுப்பினது.”

“அதுவும் அதேதானா?”

“சார் எண்ணச் சொன்னீங்க, எண்றேன்.”

நாலாவது ஒரு பிரின்டர். அது அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. போவதற்காக ஆட்டோவில் ஏற்றும்போது கீழே விழுந்தது. ஐந்தாவது எதுவென்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. ஆனால் ஐந்து உண்டு என்பதில் மட்டும் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

இந்த மாதிரி ஊர்க்கதைகளை விசாரித்துக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. அடுத்து ஜோசியரை போனில் பிடித்தேன். பாலக்காட்டு அக்ரஹாரத்து மனிதர். அந்த வீட்டுக்காரருடைய மகளின் மாமியார் வீட்டார் அதைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெயர் போடாதேயும் என்றார், போடவில்லை.

“லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலை. சார்ஜ் தீர்ந்து போயிடுத்து. ஆத்துக்கு வந்து சொருகினேன், எழுந்துண்டுடுத்து.”

“ஊர்ல வேற மாதிரி சொல்றாங்களே?”

“நான் அப்படிச் சொல்லலை. அவா சொன்னப்போ இல்லைன்னும் சொல்லலை.” குரலைத் தாழ்த்தி, “அதுக்கப்புறம் நாலு பேர் தேடி வரா,” என்றார்.

ஆக ஐந்து ஒன்றாகிவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு: இரும்புக் கம்பி அபிஷேகம், பெண்கள் போய்விட்டது. இந்த இரண்டையும் போனில் கேட்டால் மரியாதையாக இருக்காது. வைகாசியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். என் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு வயதுக் கிழம். அதற்கு ஏதாவது நேர்ந்து, புதிது வாங்க எனக்கு ஒரு நியாயம் கிடைத்தால் பாதகமில்லை என்ற நினைப்பும் இருந்தது.

வீட்டைச் சுற்றி மூன்று வரிசைக் கம்பி வேலி. காட்டுப்பன்றிக்கான சோலார் வேலி. கேட்டுக்குப் பக்கத்தில் மெலிந்த, உயரமான ஒருவர் குனிந்து நின்று, பச்சைப் புல் தண்டு ஒன்றைக் கம்பியின் மேல் வைத்து, பிடித்த விரலை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கம்பியை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். விரல் ஒரு தரம் துள்ளியது.

“கரண்ட் இருக்குதுங்க,” என்றார், என்னிடமா கம்பியிடமா தெரியவில்லை. என் கையிலிருந்த லேப்டாப் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க.”

“மீட்டர் இல்லீங்களா?”

“ஏழு மீட்டர் இருக்குதுங்க. எந்த மீட்டரும் வெடுக்குனு இழுக்கறதில்லீங்க.”

இவர்தான் குப்பண்ணன். வயது அறுபத்து மூன்று. ஐந்து ஏக்கர் தென்னை, அதன் ஓரத்தில் வீடு. பத்தாவது வரை படிப்பு. இருபத்தெட்டு வயதில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் வேலை செய்யாமல் போக, எலெக்ட்ரீசியன் வர மூன்று நாள் ஆகும் என்றதும் தானே திறந்து பார்த்தார். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் திறக்கிற ஆள். முதலில் ரேடியோ, அப்புறம் டைமர், அப்புறம் யூடியூப் பார்த்து விரல் நகம் அளவு போர்டுகளை வைத்து என்னென்னவோ. தோப்பில் தேங்காய் விழுந்தால் எண்ணுகிற கருவி ஒன்று செய்தார். அது இடி இடித்தாலும் எண்ணும் என்பதால் மழை நாளில் நல்ல விளைச்சல் காட்டும்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் குரல் கேட்டது: “அப்பா, தொட்டி ரொம்பிருச்சு, மோட்டாரை நிறுத்துங்க.”

மகள் போய்விட்டாள் என்பதும் பொய் என்று மனதுக்குள் கோடு போட்டு அடித்துவிட்டேன். “பாப்பா ஊட்லதான் இருக்குதுங்களா?” என்று நானும் அவர் பாஷைக்கு மாறிக் கேட்டேன்.

“இல்லீங்க. அது தொட்டிங்க.” சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். “ரொம்புனா பேசற மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கறேன். குரல் பாப்பாவுதுங்க. மூணு வருசத்துக்கு முன்னால பேசிக் குடுத்துட்டுப் போச்சு.”

அடித்த கோட்டை அழித்தேன்.

மனைவி சரஸ்வதியம்மாள் திருப்பூரில் மகன் பிரதீப் வீட்டில் இருக்கிறார். பேரன் பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். பேரன் இப்போது எட்டாம் வகுப்பு. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும், என்ன குழம்பு என்று கேட்பார், இவர் சொல்வார், அதில் என்ன தப்பு என்று அவர் சொல்வார். “வரச் சொல்லலையா?” என்றேன். “வரேன்னுதானுங்க சொல்லுது,” என்றார். “வரலைன்னு ஒரு தடவ கூடச் சொன்னதில்லை.”

மகள் கௌசிகாவை மலைமேல் ஆனைக்கரையில் ஏலத்தோட்டக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு ஒரு கம்பெனியில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை. வேலைக்கு வேண்டியது கரண்டும் நெட்டும். ஆனைக்கரையில் ஆனி பிறந்தால் இந்த இரண்டும் மழையோடு சேர்ந்து மலையிறங்கிவிடும். அதனால் இரண்டு வருடம் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் லேப்டாப்போடு அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற நாளில் இங்கே காற்று மட்டும் அடிக்கும். பகலெல்லாம் அவள் ஒரு அறையில் வேலை பார்ப்பாள், இவர் இன்னொரு அறையில் சால்டரிங் வைப்பார். பதினொரு மணிக்கு யார் டீ போடுவது என்று இரண்டு அறைக்கும் நடுவே சத்தமாக ஒரு பேரம் நடக்கும். குப்பண்ணன் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். ஆனால் டீ பேரத்தை இரண்டு முறை சொன்னார்.

மூன்றாவது வருடம், அவள் வந்த இரண்டாவது வாரத்தில், அது நடந்தது.

பன்றி வேலியில் நொடிக்கு ஒரு தரம் கரண்ட் துடிக்கும். எங்காவது கொடி படர்ந்தாலோ மட்டை விழுந்தாலோ வேகம் குறைந்துவிடும், பன்றி தள்ளிக்கொண்டு வந்துவிடும். அப்படிக் குறைந்தால் கம்ப்யூட்டரில் காட்டுகிற மாதிரி குப்பண்ணன் ஒரு போர்டு செய்தார். போர்டுக்குக் கரண்ட் வேலியின் பேட்டரியிலிருந்தே. சேதி மட்டும் யுஎஸ்பி கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு. அவருடைய பழைய கம்ப்யூட்டர் கண் திறக்கவே கால் மணி ஆகும். மகளுடையது திறந்தே இருந்தது.

“‘ஒரு நிமிசம் கண்ணு, சொருகிப் பாத்துக்கறேன்’னு கேட்டனுங்க. ‘பத்து மணிக்கு மீட்டிங்ப்பா, சீக்கிரம்’னு சொல்லுச்சு. பத்தடிக்க அஞ்சு நிமிசம் இருந்துது. என்னமோ போர்டு பேசுச்சு, கம்ப்யூட்டர் கேட்டுச்சு, நம்பர் வந்துது. பாத்துட்டே இருந்தனுங்க. மீட்டிங் ஆரம்பிச்சுருச்சு. ‘இருக்கட்டும்ப்பா, அப்பறம் எடுத்துக்கலாம்’னு பாப்பாதான் சொல்லுச்சு.”

அப்போது தோப்பில் ஒரு பச்சை மட்டை வேலிக் கம்பியின் மேல் விழுந்தது.

இங்கே வாழை மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்கியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. இந்தப் பக்கத்து மண்ணில் வருடம் முழுக்க ஈரமாயிருக்கிற இடம் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் உண்டு: பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்த் தேங்குகிற வாழை மரத்தடி. அதனால் வீட்டு எர்த்தையும் அங்கேதான் இறக்குவார்கள். பின்னால் பன்றி வேலி போடுகிறவர்கள் அந்த எர்த்தையும் அங்கேதான் இறக்குவார்கள். ஆலோசனை கேட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். குப்பண்ணன் வீட்டில் இரண்டு கம்பிக்கும் நடுவே இரண்டடி.

மட்டை வழியாக மண்ணில் இறங்கிய வேலிக் கரண்ட், திரும்ப வேலிப் பெட்டிக்குப் போக வாழை மரத்தடிக்கு வந்தது. அங்கே பக்கத்திலேயே இன்னொரு கம்பியைப் பார்த்தது. அதில் ஏறிச் சுவருக்குள் வந்து, மூன்று முள் சார்ஜர் வழியாக லேப்டாப்பில் நுழைந்து, யுஎஸ்பி கம்பியில் வெளியேறி, அவருடைய போர்டைக் கடந்து வேலி பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. நொடிக்கு ஒரு தரம். மூன்று தரம் போயிருக்கும் என்கிறார். நாலாவது தரம் போவதற்கு லேப்டாப் இல்லை.

“சத்தம் கூட வரலீங்க. நாலஞ்சு பேரு மொகம் இருந்துது திரையில. ஒருத்தரு பேசிட்டிருந்தாரு. அப்படியே கறுத்துருச்சு.”

“பாப்பா என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

வெளிச் சாமான் எதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது என்று அவள் கம்பெனியில் சட்டம். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிப் போனவள் அப்புறம் மூன்று மழைக்காலமாக இங்கே வரவில்லை. ஆனி பிறந்தால் இப்போது கோயமுத்தூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பொங்கலுக்கு வருவாள், புருஷனோடு, காலையில் வந்து சாயங்காலம் போவதாக. லேப்டாப் கொண்டுவர மாட்டாள்.

இதைச் சொல்லிவிட்டுக் குப்பண்ணன் எழுந்து, அவள் அறையைத் திறந்து காட்டினார். மேசை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. சுவரில் நெட் பெட்டி இரண்டு, இரண்டிலும் பச்சை விளக்கு.

“ரெண்டு நெட் எதுக்குங்க?”

“ஒண்ணு போனா ஒண்ணு இருக்கோணுமில்லீங்க.”

மேசை நடுவே ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. மூன்று வருட வேலை அது. ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்குப் போகிற கம்பி, மறு பக்கம் சந்தேகத்துக்குரிய சாமானைச் சொருகுகிற துளை. நடுவே ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன போர்டு. அதன் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் கம்பித் தொடர்பே கிடையாது, ஆனாலும் சேதி போகும்.

“ஆத்துக்கு இக்கட்டால ஒருத்தன், அக்கட்டால ஒருத்தன் நின்னு கூப்புட்டுப் பேசற மாதிரிங்க. பேச்சு வரும். ஆளு வரமாட்டான்.”

சாமானுக்கு வேண்டிய கரண்டையும் கம்ப்யூட்டரிடம் கடன் வாங்குவதில்லை. பெட்டிக்குள்ளேயே தனி சப்ளை, அதன் வாசலில் அரை ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ். இவ்வளவு இருந்தும் எதையும் நேரே சொருகவிட மாட்டார். முதலில் சாமானின் யுஎஸ்பி முனையில் மீட்டரை வைத்து, கரண்ட் போய்வருகிற ஓரத்து முள் இரண்டும் உள்ளே எங்காவது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஷிஜுவிடம் எடைக்கு வாங்கிய ஒரு செத்துப் பிழைத்த கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி.

“போன வருசம் வில்லேஜ் ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்து, அவசரமா ஒரு பென் டிரைவ்ல இருந்து பிரின்ட் கேட்டாருங்க. நாளைக்கு வாங்கன்னுட்டேன். அவரு இன்னும் வரலீங்க.”

“பெட்டியைப் பத்திப் பாப்பாகிட்டச் சொன்னீங்களா?”

“போட்டோ அனுப்பிச்சனுங்க. ‘சூப்பர்ப்பா’ன்னு வந்துது.” கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. “நாஞ் சொன்னா, அப்பன் சொல்றான்னு போயிருதுங்க. வெளியாளு ஒருத்தரு பாத்துச் சொல்லோணும்.”

நான் பையோடு கேட்டில் நின்றபோது அவர் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்று அப்போது விளங்கியது.

என் லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டினார். திரை எரிந்தது, கறுக்கவில்லை; புதிது வாங்கும் நியாயம் கைநழுவியது. மோர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனார். அப்போது நான் செய்ததற்கு விளக்கம் ஒன்றும் இல்லை. பையில் யுஎஸ்பியில் ஓடுகிற கையளவு விசிறி ஒன்று இருந்தது, சித்தூர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. இரண்டு மாதமாக லேப்டாப்பில் நேரே சொருகித்தான் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அதை எடுத்து, மீட்டரும் வைக்காமல், ஒரு நாள் விரதமும் இருக்கவிடாமல், பெட்டியின் துளையில் சொருகினேன்.

இரண்டு சுற்றுச் சுற்றியது. கழுத்தில் கம்பி மடங்குகிற இடத்திலிருந்து ஒரு கருகல் வாசம். பெட்டிக்குள் சின்னதாக ஒரு ‘டிக்’. விசிறி நின்றுவிட்டது. லேப்டாப்புக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது, நான் பாதி எழுதிய கட்டுரையைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

குப்பண்ணன் மோரோடு வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். டம்ளரை என்னிடம் தராமலே மேசையில் வைத்துவிட்டு, ஃபியூஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் கறுப்பு படிந்திருந்தது. விசிறியின் கழுத்தை உரித்தார். உள்ளே சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் தோல் உரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

“இதை நேராச் சொருகியிருந்தீங்கன்னா உங்க கம்ப்யூட்டர் தாங்கியிருக்கலாம். தாங்காமயும் போயிருக்கலாமுங்க.”

“மன்னிச்சுக்குங்க. உங்க ஃபியூஸ் போச்சு.”

“மூணு வருசமா இது ஒரு தடவ கூடப் போனதில்லீங்க,” என்றார். முகத்தில் ஒரு கல்யாண வீட்டுக் களை. “போக வெக்க ஆளில்லை.”

போன ஃபியூஸை ஒரு காகிதத்தில் மடித்து, மேலே தேதியும் ‘சார் விசிறி’ என்றும் எழுதினார். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, அதன் முக்கால் பாகம் கண்ணாடி ஃபியூஸ்கள். நானே ஒன்றை எடுத்துப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“அது என்னுதுங்க. நீங்க ஊதுனதை நீங்கதான் தரோணும்.”

“காசு குடுத்தர்றனுங்க.”

“காசு வேண்டாங்க. ஃபியூஸ் வேணும். அரை ஆம்பியர்.”

“சரி, தபால்ல அனுப்பறேன்.”

“கண்ணாடிங்க, ஒடஞ்சுரும். கையில கொண்டாங்க.”

சாயங்காலம் ஐந்தரைக்கு மோட்டார் போட்டார். தொட்டி காலையில் நிறைந்ததுதான். சீக்கிரமே, “அப்பா, தொட்டி ரொம்பிருச்சு, மோட்டாரை நிறுத்துங்க,” என்றது குரல். இரண்டாவது தடவை சொல்லும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு குடம் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு தோப்பின் கடைக் கோடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

வீட்டிலிருந்து நூறடிக்கு அப்பால், மண் பாளம் பாளமாக வெடித்திருந்த மூலையில், ஒரு இரும்புக் கம்பி. வேலியின் எர்த்தை வாழை மரத்தடியிலிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார், வீட்டு எர்த்தோடு இனி அது எந்தக் காலத்திலும் பேசக் கூடாது என்பதற்காக. இங்கே ஈரம் கிடையாது. ஆகவே தினமும் ஒரு குடம். ஊற்றிவிட்டு, கம்பியில் மீட்டரை வைத்து, கை இரண்டும் சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார். ரோட்டில் போகிறவர்களுக்கு அது கும்பிடுவது போலத்தான் தெரியும். வதந்தியிலேயே ரொம்பவும் நம்ப முடியாததாக இருந்தது இதுதான்; கும்பிடு ஒன்று நீங்கலாக இதுதான் அப்படியே உண்மை.

“மூணு வருசமா தினமுமா?”

“பொங்கலன்னைக்கு மட்டும் பாப்பா ஊத்துமுங்க.”

கிளம்பும்போது மகளின் நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். “ஆனி பொறக்கப் போகுதுங்க. சும்மா, பாத்ததைச் சொல்லுங்க. வரச் சொல்லியெல்லாம் சொல்லாதீங்க.”

மறுநாள் போன் செய்தேன். நான் யார், எதற்குப் போனேன், விசிறி, ‘டிக்’, எல்லாம் சொன்னேன்.

“பெட்டி வேலை செய்யுமுன்னு எனக்குத் தெரியுங்க,” என்றாள் கௌசிகா. “போட்டோ பாத்ததுமே தெரியும். அப்பா ஒண்ணு செஞ்சா அது நிக்கும்.”

“அப்புறம் என்னங்க?”

“அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு அப்பா உங்ககிட்டச் சொன்னாருங்களா?”

“ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னார்.”

லைனில் மழைச் சத்தம் கேட்டது. ஆனைக்கரையில் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது போல.

“மீட்டிங் நடுவுல போச்சுங்களா. அப்பா டார்ச் அடிச்சுப் போர்டைத் தேடிட்டிருந்தாரு. ‘அம்மா ஏன் இந்த ஊட்டுக்குத் திரும்பி வரலைன்னு இப்பத்தான் தெரியுது’ன்னு சொல்லிட்டேன். அவரு டார்ச்சை அணைச்சுட்டாரு. அவ்வளவுதாங்க. லேப்டாப்பு எனக்கு அடுத்த வாரமே வேற குடுத்துட்டாங்க. அவரு அதுக்கு மூணு வருசமா ஒரு பெட்டி செய்யறாரு. நான் போயி அதுல சொருகினா, லேப்டாப்புனாலதான் வராம இருந்தேன்னு ஆயிருமுங்களே.”

விசிறி கொண்டுபோனவன் நான்.

“இப்ப பெட்டி வேலை செய்யாதுங்க,” என்றேன். “ஃபியூஸ் இல்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும்.”

“அப்பாகிட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய இருக்குமே.”

“பார்த்தேன். அதைத் தொடவிடலை.”

அவள் ஒரு மாதிரி சிரித்தாள், அல்லது மழையாக இருக்கலாம். “எப்பப் போறீங்க?”

“அடுத்த வாரம்.”

“போறப்ப எனக்கும் சொல்லுங்க. அதுக்குள்ள ஹாஸ்டலுக்கு எறங்கியிருப்பேன், கோயமுத்தூர்ல இருந்து வந்துர்றேன். தனியாப் போயி நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. ஃபியூஸோட வந்த மாதிரி வந்துர்றேன்.”

அன்றைக்கே ஷிஜு கடையில் அரை ஆம்பியர் ஃபியூஸ் வாங்கினேன். பத்து உள்ள பாக்கெட்டாகத்தான் கொடுத்தார். “குப்பண்ணன் வீட்டுக்கா சாரே? ஆறாவது உங்களோடதுதான்னு கேள்விப்பட்டேன்.” என் லேப்டாப் பையில்தான் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, “புதுசு வாங்கிட்டீங்களா?” என்றார்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த சனிக்கிழமை கௌசிகாவுக்குத் திடீர் மீட்டிங். பிறகு நான் ஒரு நாள் சொன்னேன், அவள் ஹாஸ்டலிலிருந்து இறங்கி உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, தலைவலி என்று திரும்பிப் போய்விட்டாள். அவள் வராமல் நான் மட்டும் போனால் கடன் தீர்ந்துவிடும், தீர்ந்தால் அவள் வருவதற்குச் சாக்கு இருக்காது என்று நானும் போகவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பாக்கெட் மேசை டிராயரில் கிடக்கிறது. ஆனி போய் ஆடி பாதி ஆகிவிட்டது.

குப்பண்ணன் அவசரப்படுத்துவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு ஒரு குரல் சேதி அனுப்புவார். நேற்று வந்தது இது:

“சார், நல்லாருக்கீங்களா. இங்க காத்துதானுங்க, மழை இல்லை. கம்பிக்குத் தண்ணி ஊத்தியாச்சு. ஃபியூஸ் எடம் காலியாத்தான் வெச்சிருக்கறேன். ஒண்ணும் அவசரமில்லீங்க.”

பின்னணியில் தொட்டி நிறைந்துவிட்டதாக ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.